கொம்புப் பெயிண்டில் போட்ட கதிர்ப்பூ

மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்டுக்கு ஒரு வாடை உண்டு. மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை தரம் சாம்பல் போட்டுக் கழுவினாலும் சோற்றில் கை வைத்தால் சோற்றிலும் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட வருஷம், மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், அந்த வாடை என் இரண்டு கையிலும் இருந்தது.

பூதலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்தார்கள். பண்ணை நிலத்தின் ஓரத்திலேயே எங்கள் குடிசை. நான் பிறந்ததும் அதில்தான். கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையில் ஆட்சி மாறி, குடிசை போட்டு இருக்கிறவருக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்திருப்பதாகக் கட்சிக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், மதகு வேலையில் கூலிக்குப் பதிலாகக் கிடைத்த அரை மூட்டை சிமெண்டைக் குழைத்து அப்பா முன் தாழ்வாரத்துக்குத் தரை போட்டார். "வர்றவரு கால வச்சா, ஒரு வீடுன்னு தெரியணும்" என்றார்.

அந்தச் சாம்பல் நிறத் தரை எனக்கு வெறிச்சென்று இருந்தது. நெல் மூட்டைக்கு அடையாளம் போடப் பண்ணையில் ஒரு "தகடு" வைத்திருந்தார்கள். தகரத்தில் வளைந்த நெற்கதிர் ஒன்றை வெட்டி எடுத்திருக்கும், சாக்கின்மேல் வைத்து மையைத் தொட்டுத் தட்டினால் கதிர் அப்படியே விழும். நடுமணி இரண்டும் கிழிந்து ஒரே ஓட்டையாகிப் போனதால் பழைய தகட்டை எருக்குழியில் எறிந்துவிட்டார்கள், அதை நான் எடுத்து வந்து வைத்திருந்தேன். பண்ணை மாடுகளுக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் நின்ற நீலத்தையும் சிவப்பையும் அப்பா கொண்டுவந்திருந்தார். அவரும் அம்மாவும் அறுப்புக்குப் போன பகலில், துணிப்பந்தைப் பெயிண்டில் தொட்டு, ஒவ்வொரு தரமும் தகட்டைத் துடைத்துவிட்டு, கதிரை ஒரு முறை இந்தப் பக்கமும் மறு முறை புரட்டி அந்தப் பக்கமுமாக வைத்து, எட்டுக் கதிர் சேர்ந்தால் ஒரு பூ என்று தரை முழுக்கப் போட்டேன். சாயங்காலம் வந்த அம்மா கால் வைக்க மனசில்லாமல் கொல்லைப் பக்கமாகச் சுற்றி உள்ளே போனாள். திட்டவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரோடு, பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரரும் வந்தார். தாழ்வாரத்தைப் பார்த்ததுமே காரியக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொல்லல சார்? இது குடியிருக்குற வீடே இல்ல. பண்ணையோட மூட்டைக் கொட்டகை. இவங்களக் காவலுக்கு வச்சிருக்கோம். பாருங்க, தரை பூரா எங்க முத்திரை!"

நான் செய்துவைத்த காரியம் என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு போட்டது இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான்தான் என்றால் தகட்டைத் திருடினோம் என்பார்கள், பேசாமல் இருந்தால் வீடு போய்விடும். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

"கேக்குறாருல்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் காரியக்காரர்.

உள்ளே ஓடித் தகட்டை எடுத்துவந்து இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தேன்.

"அப்படி வா வழிக்கு! தகடு பண்ணையோடது, கொம்புப் பெயிண்டும் பண்ணையோடது. வீடு மட்டும் யாரோடதாம்?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, நீலமும் சிவப்புமாக இருந்த கையைத் தூக்கிக் காட்டினாள். "போட்ட கை எம் மவளோடதுங்க. அதுவும் பண்ணையோடதாங்கய்யா?" பண்ணை ஆளுக்கு எதிரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் தகட்டை எடுத்து ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் குந்தினார்.

"ஏங்க, இந்த ஓட்டைத் தகட்ட எடுத்தத வேற திருட்டுன்னு எழுதணுமா? உங்க மூட்டையில கதிரு இப்படியா திரும்பித் திரும்பி நிக்கும்? கொட்டகைத் தரையில எவன் உக்காந்து பூப் போடுவான்? புள்ளைங்க இருக்குற வீட்டுலதான் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்."

அதையேதான் எழுதிக்கொண்டு போனார் போலிருக்கிறது. மனைக்குப் பட்டா அப்பா பெயரில் வந்தது. அடுத்த பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்க அப்பாவைப் பண்ணையில் கூப்பிடவில்லை.

இப்போது அந்தப் பண்ணையில் மாடும் இல்லை, மூட்டைக்குக் கதிர் போடுகிறவர்களும் இல்லை. போன மாதம், சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் பணம் அனுப்பி, தாழ்வாரத்துக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் வந்தது. பிற்பாடு மேலே பூசியிருந்த சிமெண்டைக் கொத்தியதும் அடித்தரையில் நீலமாக ஒரு கதிர் தெரிந்தது, நடுமணி இரண்டும் ஒன்றாக.

"பெரியம்மா, இங்க என்னமோ டிசைன் இருக்கே. யாரு போட்டது?"

"நான்தான்" என்றேன். கொத்துகிற சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. கிட்டே போய் இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.