வினாயகமூர்த்தியின் நாக்கு

வவுணதீவுத் துறையில் தோணி விட்ட வினாயகமூர்த்தி அண்ணனுக்கு நாக்குத்தான் சொத்து. விடியற்காலையில், கடல் வந்து கலக்கும் வாவித் தண்ணீரை ஒரு கை அள்ளிக் கொப்பளிப்பார். "உப்பு" என்றால் பெண்கள் நாங்கள் கழுத்தளவு இறங்கி முழுகலாம். "நல்ல தண்ணி", அதாவது உப்பில்லை, என்றால் கரையில் நின்று வாளியால் அள்ளி ஊற்றவேண்டியதுதான். மழைத் தண்ணீரோடு மேற்கே குளங்களிலிருந்து முதலையும் இறங்கி வரும். உப்பு ஏறினால் அது வந்த வழியே போய்விடும்.

பேருக்குத்தான் ஒரே வாவி. மார்கழி வெள்ளத்தில் விரால் துள்ளிய இடத்திலேயே வைகாசியில் கடல் நண்டு ஊரும். முகத்துவாரப் பக்கம் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிற நாளில் தெற்கே ஓடை வாயில் தாமரை பூத்திருக்கும். அத்தனையையும் அண்ணன் ஒரு வாய்த் தண்ணீரில் சொல்லிவிடுவார். அந்தப் பெருமையும் கொஞ்சநஞ்சமல்ல. கறியில் ஒரு கல் உப்புக் கூடினாலும் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளை அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

முப்பத்தெட்டாம் ஆண்டு ஆனியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் கொயினா என்கிற கசப்பு மருந்தைக் குடித்துக் கிடந்தார். எழும்பி வந்த முதல் நாள், வழக்கத்தைவிடக் கனநேரம் கொப்பளித்தார்.

"உப்புத்தான். இறங்குங்க புள்ளையள்."

ஆனியில் வேறென்ன இருக்கும்? ஒரு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தண்ணீரில் கால் வைத்தேன்.

"இறங்காதீங்ககா!" பின்னாலிருந்து இலட்சுமிப்பிள்ளை அக்கா கத்தினாள். "நேத்து உப்புப் போட மறந்த கறிய இந்த மனிசன் ஒரு பேச்சுப் பேசாமத் திண்டவர். நாக்குச் செத்துப் போச்சு!"

அண்ணனுக்கு முகம் கறுத்தது. பொல்லாத ரோசக்காரர். "அப்ப நான் இறங்கிறன், பாருங்க" என்று மார்பளவு தண்ணீரில் போய் நின்றார்.

நான் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். துளி உப்பில்லை. முந்திய வாரம் மேற்கே காலந்தப்பிக் கொட்டிய மழையை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை.

"அண்ணன், நல்ல தண்ணி! ஏறுங்க!"

அவர் அசையவில்லை. அக்கா உடுத்த சேலையோடு இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க ஏறாட்டி நானும் ஏறமாட்டன்."

"எல்லாம் கைக்குது புள்ள" என்றார் அண்ணன். "சோறும் கைப்பு, தண்ணியும் கைப்பு. தெரியாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்திச்சு."

இருவரும் கரையேறினார்கள். அன்று மத்தியானம் அதே இடத்தில் ஒரு முதலை முதுகு காட்டியது. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

மறுநாள் காலை அண்ணன் தண்ணீரை அள்ளினார். வாயில் வைக்கவில்லை. கையை அப்படியே அக்காவிடம் நீட்டினார். ஊர் பார்க்கப் புருசனும் பெண்சாதியும் கிட்ட நிற்கவே கூசிய காலம் அது. அவள் குனிந்து ஒரு வாய் உறிஞ்சி, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"நல்ல தண்ணி!" அண்ணன் துறை முழுக்கக் கேட்கக் கத்தினார். "ஒருத்தரும் இறங்கப்படா. எங்கட இலட்சுமி சொல்லுறா!"

நாலு பேருக்கு முன்னால் அவர் அவள் பெயரைச் சொன்னது அன்றுதான்.