தம்பிக்கு ஒரு பொன்னாடை

என் தம்பி ரொறன்ரோவில் பிரெஞ்சு நாடக நடிகன். அகதியாகப் பாரிசில் வளர்ந்த காலத்தில் பழகிய பிரெஞ்சு. தொலைக்காட்சித் தொடர்களிலும் வருவான். வந்த வேகத்தில் யாராவது சுட்டுவிடுவார்கள். ஸ்காபரோ வீட்டில் அம்மா உடனே டிவியை நிறுத்திவிடுவார்.

அவன் அரசனாக நடித்த நாடகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். முன்வரிசை. அம்மாவின் மடியில் பொன்னாடைப் பை. மேடையில் ஏறியவருக்கு அதைப் போர்த்தாவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. எனக்கோ அந்த வழக்கமே எரிச்சல்.

கடைசிக் காட்சியில் அரசன் செத்து விழுந்தான். அரங்கம் அமைதியானது. நாடகம் முடிந்ததென்று நினைத்த அம்மா, நான் பிடிப்பதற்குள் மேடையேறிவிட்டார்.

“எழும்பு ராசா.”

பிணம் எப்படி எழும்பும்? தம்பி அசையவே இல்லை. அம்மா பொன்னாடையை விரித்து, கழுத்துவரை போர்த்தி, தலையைத் தடவினார். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். அதுவும் நாடகம்தான் என்று சனம் நம்பிவிட்டது.

மறுநாள் தம்பி தொலைபேசியில் சிரித்தான். மிச்ச நாட்களும் அம்மா வருவாரா என்று இயக்குநர் கேட்டாராம்.

“ஓம், வாறன்,” என்றார் அம்மா. “ஆனா உன்னைச் சாகவிடாம நாடகத்தை முடிக்கச் சொல்லு.”