மேலாளர் வந்தால் எழும்புகிறவன்

இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினைந்து நிமிடப் படம் ஒன்றுதான். பேச்சில்லாத காலத்துக் கறுப்பு வெள்ளைப் பகிடிப் படம். அந்தக் கந்தோரில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எனக்குக் கோப்பு அடுக்கும் வேலை. ஆறு மாதத் தவணை. முடிந்ததும் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலாளர் தீர்மானிப்பார். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அம்மா தனியே காத்திருந்தார். அவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காகக் கார்ட்டியர்வில்லில் முதல் பஸ் பிடித்து, எல்லோருக்கும் முன்னே போய் இருப்பேன்.

மேலாளர் எங்கள் வரிசைக்கு வந்தால் எழும்பி நிற்பேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்த இரண்டு வருடமும் மேலதிகாரி வந்தால் அப்படித்தான் நின்றோம். அது பயமில்லை, மரியாதை. அதை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மடையன் நான்.

மேலாளருக்குப் பழைய படங்களில் பைத்தியம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கர்க்லாண்டில் இருந்த தன் வீட்டிலிருந்து புரொஜெக்டரைக் காவிக்கொண்டு வந்து, சாப்பாட்டு அறைச் சுவரில் காட்டினார். ஒரு கந்தோரில் நாலு இளம் கிளார்க்குகள். முதலாளி வெளியே போனதும் ஒருவன் கோப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒருவன் கைக்கண்ணாடி பார்த்து மீசை திருத்துகிறான். மற்ற இருவரும் மேசை லாச்சியை வெளியே இழுத்துவைத்து அதற்குள் சீட்டு விளையாடுகிறார்கள். கண்ணாடிக் கதவில் தொப்பியின் நிழல் விழுந்ததும் நாலு பேரும் துள்ளி எழும்பி விறைத்து நிற்கிறார்கள். ஒருவனுடைய கோட்டில் கொளுவி லாச்சியும் கூடவே வர, சீட்டெல்லாம் முதலாளியின் காலடியில் கொட்டுகிறது.

அந்த இடத்தில் யாரோ திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு இன்னொருவர். பிறகு அறை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் லாச்சிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை தொடக்கம் நான் உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு பேர் துள்ளி எழும்பி விறைத்து நின்றார்கள். போதாக்குறைக்கு மேலாளர் போகிற போக்கில் என் லாச்சியைத் திறந்து பார்த்தார். பகிடிக்குத்தானாம். உள்ளே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாணும் அம்மாவின் கடிதமும் இருந்தன. அடுத்த நாளும் திறந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

கணக்குப் பிரிவில் சென்னைக்கார அக்கா ஒருவர் இருந்தார். படியில் என்னை மறித்தார்.

"நீங்க ஏன் அவர் வந்தா எழுந்திருக்கறீங்க? ஏதோ மறைக்கறீங்கன்னு நிஜமாவே பேசிக்கறாங்க. உங்க பேப்பர் இந்த மாசம் அவர் மேஜைக்குப் போகுது."

"மரியாதைக்கு எழும்புறன் அக்கா. இதில என்ன ஒளிப்பு?"

"எனக்குத் தெரியும். நானும் முதல்ல எழுந்து நின்னவதான். பேசாம உட்கார்ந்தே இருங்க."

"ஒரு படத்தைப் பாத்திட்டு என்னைக் கள்ளன் எண்டால், நான் என்ரை பழக்கத்தை விடுறதோ?"

"அம்மா வேணுமா, பழக்கம் வேணுமா?"

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால்தான்.

மறுநாள் மேலாளர் வந்தபோது நான் எழும்பவில்லை. கால் தானாக எழும்பப் பார்த்தது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று கிழமை அப்படியே. லாச்சியை அவர் பிறகு தொடவில்லை.

நிரந்தர வேலைக் கடிதத்தை மேலாளரே கொண்டு வந்தார். அறுபது வயது மனிதர், நரைத்த தலை, என் முன்னால் நின்று நீட்டினார். நான் கதிரையில் இருந்தபடியே ஒரு கையால் வாங்கினேன். "இப்போதுதான் உன்மேல் நம்பிக்கை வந்தது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அம்மா வந்து சேர்ந்தார். வந்த கிழமையே, "உனக்கு வேலைக் கடிதம் தந்த பெரியவர் நல்ல மனுசன். ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ, கண்டு ஒரு கும்பிடு போடவேணும்" என்றார்.

"தேவையில்லை!" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவைப் பார்த்து அப்படிக் கத்தினேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.