ஓசையில்லாத தொலைக்காட்சியும் அக்காவின் போர்வைகளும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது இது. "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. பொறுமைசாலி, குடும்ப விளக்குன்னு போடு" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் பொறுமைசாலி என்று மட்டும் எழுத மாட்டேன். பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கும் கோபம் இருக்கிறது, ஓராண்டாகியும் ஆறவில்லை.

அக்கா பிறந்தது ஜொகூர் மாநிலத்தில், கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டும் வேலை பார்த்தார். அப்பா இறந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா இருந்த பெக்கான் நானாஸுக்கு வந்தார். பெரியப்பா இடம் கொடுத்தார், அதை நாங்கள் மறக்கவில்லை. அக்கா மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் துணித் தொழிற்சாலையில் சேர்ந்தார். என் பள்ளிக் காலணிகூட அக்கா வாங்கிக் கொடுத்ததுதான். அந்தக் காலத்து அக்காவைப் பார்த்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், வேலைக்குப் போகும் பேருந்தில் இடுப்பைக் கிள்ளியவனைச் செருப்பைக் கழற்றி அடித்துக்கொண்டே கீழே இறக்கினார் என்று. வாயும் கையும் ஒன்றாகப் பேசும் பெண்.

பெரியப்பா பார்த்த மாப்பிள்ளைதான் அத்தான். கூலாயில் ஒரு தாமானில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசையில் சொந்த வீடு, செனாய்ப் பக்கம் தொழிற்சாலையில் இரவு வேலை. "தங்கமான பையன், குடி கிடையாது" என்றார்கள். குடி கிடையாதுதான். குடிக்காமலே அடித்தார்.

நான் இனி எழுதுவதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தவை. சோறு சூடாக இருந்தால் ஓர் அடி, ஆறியிருந்தால் ஓர் அடி. இடுப்பு வாரால் அடித்திருக்கிறார். சுடச்சுட இஸ்திரிப் பெட்டியை முதுகில் வைத்திருக்கிறார். அக்கா வேலையை விட வேண்டும் என்று அடித்தார். வேலையை விட்டபின் வீட்டில் சும்மா இருக்கிறாய் என்று அடித்தார். ஒருமுறை அக்காவின் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியது. அந்த வயிற்றில் உதைத்தார். குழந்தை போயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. நாங்களும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, அத்தான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

அவ்வப்போது அக்கா பெக்கான் நானாஸுக்கு வந்து நிற்பார். "அங்க இருக்கப் பிடிக்கலம்மா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மா தலை வாரிவிட்டு, மீன் குழம்பு வைத்துப் போட்டு, ஒரு பை நிறைய அன்னாசிப்பழத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார். "புருஷன் வீடுன்னா முன்னப்பின்ன இருக்கும், அனுசரிச்சுப் போ" என்பார். செருப்பால் அடித்த அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவார்.

குழந்தை போன பிறகுதான் பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா, எங்கள் அக்காவின் வாழ்க்கையில் வந்தார். மலாய்க்காரர், கணவரை இழந்தவர், பலகாரம் செய்து விற்பவர். காக் ரோஸ் என்றுதான் நாங்கள் எல்லாரும் கூப்பிடுவோம். தமிழர்கள் நிறைந்த தோட்டத்தில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அவர்தான் ஒரு நூல்கண்டையும் குரோஷே ஊசியையும் கொண்டுவந்து அக்கா மடியில் போட்டார். "கை சும்மா இருந்தா தலை சும்மா இருக்காதுலா" என்றாராம். சதுரம் சதுரமாகப் பின்னி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. பகலில் அத்தான் தூங்குவார். அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் அடைத்துவிட்டு ஆங்கிலத் தொடர், கொரியத் தொடர், சிங்கப்பூர் அலைவரிசையில் வரும் துப்பறியும் தொடர் என்று எல்லாவற்றையும் பார்ப்பார். கதையைப் பார்ப்பதில்லை. சோபாவின் முதுகில் கிடக்கும் போர்வையை, நாற்காலி மெத்தையை, கிழவி தோளில் போட்டிருக்கும் சால்வையைப் பார்ப்பார். கண்ணில் பட்டதும் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடிப்பார். அப்புறம் அந்த மங்கல் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணி எண்ணுவார். நான் போயிருந்த ஒரு நாள், திரையில் ஒருவன் இன்னொருவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்திருந்தான். "அட, கொஞ்சம் தள்ளி நின்னு சுடேண்டா, மூலை தெரியல" என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் புழுக்கத்துல யாருக்குக்கா போர்வை?" என்று கேட்டேன். "இங்க ஒரு வீட்டுலயாவது குளிரட்டுமே" என்றார். அவர் பின்னிய போர்வை இல்லாத வீடு நம் சொந்தத்தில் கிடையாது. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு சோபாவில் ஏதோ ஒரு கொலைகாரன் வீட்டுப் போர்வை கிடக்கிறது.

நான் மாசமாக இருந்தபோது, ஏழாம் மாத வளைகாப்புக்கு அக்கா ஒரு போர்வை கொண்டுவந்தார். அவர் செய்ததிலேயே கடினமான வேலை அது. வெண்ணெய் நிறம். ஒரு மூலையிலிருந்து கருஞ்சிவப்பு கிளம்பி, ஒழுங்கே இல்லாமல் சதுரம் சதுரமாகப் பரவியிருந்தது. சிவப்பு எந்தக் கண்ணியில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று தொடரை மறுஒளிபரப்பில் எல்லாம் காத்திருந்து பார்த்துப் பின்னியிருக்கிறார். "இந்த மாதிரி டிசைன் நான் பார்த்ததே இல்லடி. ஒரு பக்கம் பூ மாதிரி இருக்கு, ஒரு பக்கம் மேகம் மாதிரி இருக்கு" என்று சொல்லி என் மடியில் விரித்தார். சொந்தக்காரப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்று காலை அத்தான்தான் வேலை முடிந்து வந்து அக்காவையும் காக் ரோஸையும் காரில் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். மாலையில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரருக்குத் துப்பறியும் தொடர் என்றால் உயிர். வளையல் தட்டை எடுக்க உள்ளே வந்தவர் போர்வையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அக்கா, இது அந்த மலை வீட்டுத் தொடர்ல வர்ற போர்வைதானே? அந்தப் பொம்பளையக் கோடாலியால வெட்டி சோபாவுலயே போட்டுருவானே... அலமாக்! அக்கா, இது டிசைன் இல்ல, ரத்தம்!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டு, "ஐயையோ, புள்ளத்தாச்சி மடியில ரத்தப் போர்வையா, எடுங்கடி" என்று பிடுங்கினார். இளசுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் வெட்கத்தோடு சிரித்தார். "கொலை நடக்கறதுகூடத் தெரியாமலா பார்த்தீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எனக்கு எங்க தெரியும்? நான் எப்பவும் சத்தம் வைக்காமதானே பார்ப்பேன். அவர் தூங்குவாரு. சத்தம் வச்சா அவருக்குப் பிடிக்காது."

காக் ரோஸ் கையில் பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பவும் சத்தம் இல்லையா?" என்று கேட்டார். "அப்போ சாயந்திரத்துல சுவர் வழியா கேட்குமே, அது என்ன? டிவி ரொம்ப சத்தமா இருக்கும். அடிக்கிற சத்தம், பொம்பள கத்துற சத்தம். நான் அதெல்லாம் சீரியல்னுல்ல நினைச்சேன்."

சிரிப்பு நின்றது. அக்கா முகம் வெளுத்தது. தூங்கும்போது சத்தம் வைக்கக் கூடாது, அடிக்கும்போது சத்தத்தைக் கூட்ட வேண்டும், அதுதான் அந்த வீட்டுச் சட்டம். அதை அக்கா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அம்மா மட்டும் அவசரமாக எழுந்து, "சாப்பாடு ஆறுது, இலையப் போடுங்க" என்றார். நான் மடியிலிருந்த வெற்றிலையைக் கீழே தள்ளிவிட்டு அக்காவின் கையைப் பிடித்தேன். மணிக்கட்டு வரை வந்த ரவிக்கைக் கை. புது நாகரிகம் என்று காலையில்தான் பெரியம்மா பாராட்டியிருந்தார். அதை மேலே ஏற்றினேன். பழையது பச்சையாக, புதியது ஊதாவாக, தோள் வரைக்கும் வார் தடம்.

அன்று சாப்பிட்ட சாப்பாடு எனக்கு நினைவில்லை. பெரியப்பா சொன்னது நினைவிருக்கிறது. "மாப்பிள்ளை வரட்டும். நான் பேசறேன். இனிமே கை நீட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பி வைக்கலாம். நல்ல காரியம் நடந்த வீட்டுல ரகளை வேணாம்." அனுப்பி வைக்கலாம் என்றார், கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அபசகுனம் என்று சொன்ன சிவப்புச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இறுக்கமான கண்ணிகளை அவிழ்க்க மெல்லிய எஃகு ஊசி வைத்திருந்தார். "வெள்ளையா மாத்திக் குடுத்துடறேண்டி" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். "போகாதேக்கா" என்றேன். அக்கா அடுத்த சதுரத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அத்தான் வந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை, ஒரு விஷயம் கேள்விப்பட்டோம்" என்று தொடங்கியதுதான் தாமதம். அத்தான் பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை. நேராக அக்காவிடம் போய்த் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டியாடி?" என்று நாற்காலியிலிருந்து இழுத்துக் காரின் கதவில் மோதினார். அக்காவின் நெற்றி பிளந்தது. தடுக்கப்போன காக் ரோஸின் இடுப்பில் ஓர் உதை. ஆண்கள் அத்தனை பேர் நின்றார்கள். "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று அழைப்பு மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரர் பந்தலைத் தாண்டி ஓடிவருவதற்குள் அத்தான் இன்னொரு முறை கையை ஓங்கினார்.

அந்த உள்ளங்கையில் அக்கா ஊசியைக் குத்தினார். ஓங்கி, முழு பலத்தோடு, ஒரு பக்கம் போய் மறுபக்கம் முனை தெரியும்படி குத்தினார். குரோஷே ஊசியின் முனையில் கொக்கி உண்டு. உள்ளே போகும், இழுத்தால் வராது, சதையைப் பிடித்துக்கொள்ளும். அத்தான் அதை இழுக்கப் பார்த்தார். அப்புறம் அவர் கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. வீடு வீடாகக் கதவு திறந்தது. அக்கா முகத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் அவர் முன்னால் நின்றார். "இதுக்கும் டிவிய வைங்களேன்" என்றார்.

மருத்துவமனையில் அவர் கையைக் கீறித்தான் ஊசியை எடுத்தார்கள். அக்காவுக்கு நெற்றியில் தையல். அதே மாலை காக் ரோஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டே அக்காவோடு காவல் நிலையத்துக்கு வந்து, சுவர் வழியாகத் தான் கேட்டதையெல்லாம் சொன்னார். அத்தான் அக்காவை நெருங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. புருஷன் கையைக் குத்தியவள் என்று நம் சொந்தத்தில் சிலர் பேசினீர்கள். வயிற்றில் உதைத்தவனைப் பற்றி அதில் பாதியாவது பேசியிருக்கலாம்.

அதன்பின் அக்கா எங்களோடுதான் இருந்தார். அம்மா அப்போதும், "கோபம் தணிஞ்சதும் போயிடும்மா" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா போகவில்லை. ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்டு வாங்குமளவு போர்வைகள் பின்னினார். தொலைக்காட்சியைச் சத்தத்தோடு பார்க்கப் பழகினார். பழைய தொடர் ஒன்று மறுபடி வந்தபோது, "அட, இவனா கொலைகாரன்? இத்தனை நாளா இவனத்தாண்டி நல்லவன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்று வாய்விட்டுச் சிரித்தார். என் மகளுக்கு அக்காதான் சோறூட்டினார், அதட்டினார், செல்லம் கொடுத்துக் கெடுத்தார். விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அது முடிவதற்குள் கணையத்தில் புற்றுநோய் வந்துவிட்டது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் திட்டினார். திட்டட்டும் என்று விட்டோம். வீட்டிலேயே, என் கையைப் பிடித்துக்கொண்டே போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வலிக்கு ஊசி போட வீடு தேடி வந்த தாதியர்களுக்கு நன்றி. பந்தலும் நாற்காலியும் கேட்காமலே கொண்டுவந்து போட்ட அண்டை வீட்டாருக்கு நன்றி. அக்காவைத் தன் சொந்த அக்காவாகத் தாங்கிய என் வீட்டுக்காரருக்கு நன்றி. காக் ரோஸ், உங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது, தெரியும். நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் எங்களுக்கு அக்கா திரும்பக் கிடைத்தார்.

கடைசி நன்றி அம்மாவுக்கு.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அத்தான் சிவப்புச் சேலையும் குங்குமமும் வைத்த தட்டோடு வந்து நின்றார். வழக்கு முடியாததால் அக்கா அவர் மனைவிதான், சுமங்கலியாகப் போனவளுக்குக் கணவன்தான் குங்குமம் வைத்துச் சேலை போர்த்த வேண்டும் என்றார்கள். நான் வாசலை மறித்து நின்றேன். "செத்தவ மேல என்னம்மா வீம்பு? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, வழி விடு" என்றார் பெரியப்பா. அக்காவின் தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்து வந்தார். என்னை நகர்த்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னை உள்ளே இழுத்தார். இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மாப்பிள்ளை, எம்பொண்ண உங்க வீட்டுக்கு எத்தனையோ வாட்டி நான் அனுப்பி வச்சேன். இந்த வாட்டி அனுப்ப மாட்டேன்."