இடுப்பில் கட்டிய கயிறு

கான் தோ படகுத்துறையில் லியூவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. நாற்பத்து நான்கு வயது. இருபது வருடமாக ஹாவ் ஆற்றில் சொந்தப் படகு ஓட்டுகிறாள். நான் அதே துறையில் காபிக்கடை வைத்திருப்பவள். அன்னாசி வாங்க மிதக்கும் சந்தைக்கு அவள் படகில்தான் போவேன்.

அந்த அக்டோபர் காலையில் கியெம் என்று ஒருவரும் எங்களோடு ஏறினார். ஹனோயிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். எங்கள் ஊரைப் பற்றி எழுதப் போகிறாராம். கழியில் தொங்கும் அன்னாசி, படகிலேயே கொதிக்கும் நூடுல்ஸ் சூப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

“ஆத்துல எத்தனை சொட்டுத் தண்ணின்னு எழுதிட்டீங்களாண்ணே?” என்றாள் லியூ.

“நீங்க எண்ணிச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

திரும்பும்போது நடு ஆற்றில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. படகுக்கு அடியிலிருக்கும் விசிறியில் கிழிந்த வலை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளக்காலம். நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று. அதே நேரம் வளைவில் மணல் ஏற்றிய இரும்புத் தோணி ஒன்று திரும்பியது. அத்தனை பாரத்தோடு அதனால் நிற்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. ஊதியபடியே வந்தது.

கியெம் பதறி எழுந்துவிட்டார். படகு சாய்ந்தது.

“உக்காருய்யா! கவுத்துருவ போலிருக்கே!”

அதட்டிக்கொண்டே லியூ துடுப்பை என் கையில் திணித்தாள். “அக்கா, முனைய கரைப்பக்கமே வச்சிரு.” கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

“விட்டுராதீங்கண்ணே. எனக்கு நீச்சல் தெரியாது.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. அதற்குள் இறங்கிவிட்டாள்.

கயிறு விறைத்தது. ஒரு தடவை மேலே வந்து இருமினாள், மறுபடி மூழ்கினாள். தோணியின் முகப்பில் துருவேறிய எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது. திடீரென்று கயிறு தொய்ந்தது.

“இழுங்க!” என்று அலறினேன்.

கியெம் காலைப் பலகையில் ஊன்றி இழுத்தார். முதலில் வலைக்கொத்தைப் பிடித்த ஒரு கை வந்தது, பிறகு தலை. அவளைத் தூக்கிப் போட்டதும், “எஞ்சின்!” என்றாள் மூச்சில்லாமல். நான் பாய்ந்து எஞ்சின் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தோணி ஒரு கை தூரத்தில் கடந்துபோனது. அதன் அலை எங்கள் மடிவரை வந்தது.

கரையில் தண்ணீரைக் கக்கி முடித்ததும் லியூவின் பழைய வாய் திரும்பிவிட்டது. “வெளிய சொன்னீங்க, ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளிருவேன். எனக்கு நீச்சல் வராதுன்னு தெரிஞ்சா எவன் என் படகுல ஏறுவான்?”

கியெம் தலையாட்டினார். உள்ளங்கைத் தோல் உரிந்து, நான் கொடுத்த காபியைப் பிடிக்க முடியாமல் தவித்தார்.

அடுத்த மாதம் அவர் கட்டுரை வந்தது. அந்தக் காலையைப் பற்றி ஒரு வரி இல்லை. லியூ என் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள்.

“மனுஷன் வாக்குக் காப்பாத்திட்டான்க்கா.”

மறுவாரமே நகராட்சி நீச்சல்குளத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே போய் நின்றாள். நீந்தக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று. இப்போது படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அவளே இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சொல்லும்போது அந்தத் தோணி இரண்டு மடங்கு பெரிதாகிவிடும்.