வாசலில் நின்ற குட்டியானை

எங்கள் வாசலில், பாதி தெருவை அடைத்துக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி நின்றது. ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் காய்கறி ஏற்றி, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு என் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. இன்ஜின் படுத்ததும் அப்படியே போட்டுவிட்டு, வேலைக்கென்று நெய்க்காரப்பட்டிக்குப் போனார். அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனமாகிவிட்டார். எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. கேட்டவர்களிடம், "அங்கிட்டு லோடு அடிக்கிறாரு, வந்து வண்டியச் சரி பண்ணிருவாரு" என்று சொல்லிவந்தேன். வண்டி கண்ணெதிரே இருந்ததால் நம்பினார்கள்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைப்பேன். ஏறி நசுக்க வண்டி நகராது. மறுநாள் நானே பழத்தை எடுத்துத் தூரப் போடுவேன். வெட்கங்கெட்ட பிழைப்புதான்.

கொசு, பாம்பு என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஓடாத வண்டியைத் தெருவில் போட்டுவைக்கக் கூடாது என்று நகராட்சியிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். கிழித்துப் போட்டேன். போன மாதம் ஓர் அதிகாரி கிரேனோடு வந்துவிட்டார்.

"கேட்பாரற்ற வண்டின்னு பதிஞ்சிருக்கும்மா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கேக்க நாதியில்லாத வண்டியா இது? வருசா வருசம் பூசை போடுறேன், கண்ணு தெரியலையா?"

அவர் கோபப்படவில்லை. "ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ, அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும். டைம் தாரேன்."

தெருவே கூடி நின்றது. என்ன இருந்தாலும் என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று ஒரு நினைப்பு. அந்தத் தைரியத்தில் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டேன்.

அதிகாரியே விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்: "எடுத்துட்டுப் போங்க சார். அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது. இனிமே இதுக்கெல்லாம் என்னையக் கூப்பிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கலை நானே உருவிப் போட்டேன். சங்கிலி மாட்டி வண்டியைத் தூக்கினார்கள். ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று பேனாவை நீட்டிய அதிகாரி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வண்டிக்காரருக்கு நீங்க என்ன உறவுன்னு எழுதணும்மா."

"பக்கத்து வீடுன்னு எழுதிக்கங்க சார்" என்றேன்.