நாலடி அகலத்தில் ஒரு முகம்

இன்று எங்கள் ஸ்டூடியோவுக்கு நாலடி அகல பிரிண்டர் வாங்கலாமென்று பதுளையில் ஒரு கடையில் இரண்டு மெஷின் பார்த்தேன்.

சோதனைக்கு, ஹல்துமுல்லை தேயிலைத் தோட்டத்துச் செல்லம்மாவுடைய மகளின் பாஸ்போர்ட் படம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கேயே இறந்துபோன பிள்ளை. வேறு படம் இல்லை. அதைப் பெரிதாக்கித் தரக் கேட்டிருந்த செல்லம்மாவும் கூட வந்திருந்தார்.

முதல் மெஷினில் முகம் வெளுத்து வந்தது.

"இது யாருங்க? எம்புள்ள என்னைய மாதிரி கறுப்புங்க."

இரண்டாவதில் நிறம் சரியாக வந்தது. செல்லம்மா கன்னத்தைத் தடவினார்.

"இங்க் காயலம்மா, தொடாதீங்க" என்றார் கடைக்காரர்.

விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தபடியே செல்லம்மா என்னிடம் கேட்டார்: "இதையே சின்னதாப் போட்டுத் தருவீங்களா? எங்க லயத்து வீட்டுல இம்புட்டுப் பெரிய செவரு இல்லைங்க."

இரண்டாவதையே வாங்குவதாகச் சொல்லிவிட்டேன்.

நாலடி மெஷினில் முதல் வேலை, உள்ளங்கை அளவு படம். பெரிய பிரிண்டர் வைத்திருப்பவர்களே, நீங்கள் முதலில் அடித்தது என்ன?